ஈறு இறங்கினால்

நாற்பதைக் கடந்தபின் குளிர்நீர் பட்டதும் என் கீழ்ப்பல்லொன்று கூசத் தொடங்கிற்று. ஈறு இறங்கி வேர் வெளிப்பட்டுள்ளதெனப் பல் வைத்தியர் கூறிச் சத்திரசிகிச்சையை எடுத்துரைத்தார். இறங்கிய ஈறு தானாக மீள்வதில்லை. ஆதலின் அண்ணத்திலிருந்து சிறிது இழையம் எடுத்து, வேரின்மேல் வைத்து, ஈற்றை இழுத்து மூடித் தைப்பர். 1985ஆம் ஆண்டில் லாங்கர் என்னும் பெயருடைய இருவர் விவரித்த முறை இது.

இம்முறையின் பயனை எங்ஙனம் அறிந்தனர்? பல ஆய்வுகளில் ஒரே நோயாளியின் வாயில் ஒரு பக்கத்துக்கு ஒரு சிகிச்சையும் மறுபக்கத்துக்கு வேறொன்றும் செய்து ஒப்பிட்டனர். வயதும் உணவும் பழக்கமும் இரு பக்கத்துக்கும் பொதுவன்றோ? இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், இழைய ஒட்டு வேரை நன்கு மூடுவதைக் கண்டனர்.

எனினும், ஈறு ஏன் இறங்கியது என்ற வினா எஞ்சுகிறது. 1969இல் நோர்வேயின் கற்றோரிடமும், 1970இல் நமது தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், ஒழுங்காகப் பல் துலக்கியோர்க்கும் துலக்காதோர்க்கும் ஈறு இறங்கியிருந்தது. படிந்த அழுக்கும் கேடு. அழுந்தத் துலக்கும் கையும் கேடு.

சத்திரவைத்தியர் வேரை மூடலாம். பழக்கத்தை நாமே திருத்தவேண்டும். சிகிச்சைக்கு இசைந்தேன், அதற்கு முன்னரே மென்மையான பற்தூரிகையொன்று வாங்கிவிட்டேன்.