அருகும் தொலைவும்

கணிப்பொறியைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்து அன்பர்கள் கேட்டபோது, அதன் பெருமைகளை எழுத நமக்கு மனம் வரவில்லை. ஓர் இளைஞருக்கு நாம் இழைத்த தவறுதான் நினைவில் வந்து நின்றது.

அது 2014ஆம் ஆண்டு. புனேயில் நாம் பணியாற்றிய நிறுவனத்தில் ஒரே அமைப்புடைய இரண்டு பெரிய கணிப்பொறிகள் லினக்ஸில் இயங்கின. ஒன்றின் மதர்போர்டு பழுதாகி, புதியது பொருத்தப்பட்டது. அதே வாரத்தில் நெல்லைச் சீமையிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் எழுதிய நிரல் அதில் ஏற்றப்பட்டது. வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. அவர் தகுதிகாண் பருவத்தில் இருந்தார். அறிக்கை தர வேண்டியவர் நாம். நினைவகத்தைக் கையாளும் முறை இவருக்குக் கைவரவில்லை என்று எழுதிவிட்டோம். அவருடைய தகுதிகாண் பருவம் மேலும் மூன்று மாதம் நீண்டது.

"அண்ணாச்சி, மற்றப் பொறியிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்களேன்" என்றார் அவர். நமக்கு நேரமில்லை, உண்மையைச் சொன்னால், மனமில்லை. இரண்டு வாரம் கழித்து ஓட்டிப் பார்த்தோம். மற்றப் பொறியில் அது குதிரையாய் ஓடியது!

இத்தகைய பொறியில் இரண்டு செயலிச் சில்லுகள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒட்டி அதற்கென நினைவகம் இருக்கும். இந்தச் சேர்க்கையைக் கணு என்போம். ஒரு செயலி அடுத்த கணுவின் நினைவகத்தையும் எட்டலாம்; ஆனால் இணைப்பைக் கடந்து போய்வரக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகவே எந்தச் செயலி எந்தக் கணுவைச் சேர்ந்தது என்ற வரைபடத்தை லினக்ஸின் கெர்னல் வைத்துக்கொண்டு, இயன்றவரை சொந்தக் கணுவிலிருந்தே நினைவகம் வழங்கும். அந்த உறவை அது தானே அளந்து அறிவதில்லை. பொறி விழித்தெழும்போது மதர்போர்டின் ஃபர்ம்வேர் 'எஸ்ராட்' என்றோர் அட்டவணையை நீட்டும்; அதில் உள்ளதே வேதம். 'சிலிட்' என்ற இன்னோர் அட்டவணை தொலைவைச் சொல்லும். நம் பொறியில் சொந்தக் கணுவுக்கு 10, அயல் கணுவுக்கு 21. ஊர் மாறி வந்த நமக்கு இது விளங்காததன்று. வாசலிலேயே ரேஷன் கடை இருக்க, அட்டையில் எழுதிய கடைக்கே நடந்த காலம் ஒன்று இருந்ததல்லவா?

வரைபடத்தில் பிழை இருக்குமோ என்ற ஐயம் எழுந்ததும், அதைச் சோதிக்கவென்றே கெர்னலில் உள்ள ஒரு வசதியை இயக்கி, கெர்னலை மீண்டும் கட்டினோம். நான்கு இரவுகள் கழிந்தன. அது வாய் திறக்கவில்லை. வரைபடம் ஆயத்தமாகுமுன் யாரேனும் அதைக் கேட்டாலோ, கணுவின் எண் வரம்பு மீறினாலோதான் அது கூச்சலிடும். நம் வரைபடமோ இலக்கணப் பிழையில்லாமல் எழுதப்பட்ட பொய்.

வழி சொன்னவர் அந்த இளைஞரே. ஒரு சிறு நிரலை ஒரே செயலியில் கட்டிவைத்து, முதலில் 'சொந்த' நினைவகத்தையும் பிறகு 'அயல்' நினைவகத்தையும் தந்து, நேரத்தை அளந்தார். 10 என்று எழுதியிருந்தது மெதுவாகவும், 21 என்று எழுதியிருந்தது விரைவாகவும் வந்தன. பதினாறு செயலிகளிலும் அதே கதை. புதிய போர்டின் அட்டவணையில் இரண்டு கணுக்களும் இடம் மாறிக் கிடந்தன! திருத்திய ஃபர்ம்வேரை ஏற்றியதும் நோய் தீர்ந்தது.

அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தோம். பணி உறுதியாயிற்று; நீட்டித்த மூன்று மாதத்தை மட்டும் அலுவலகம் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஞாயிறு அவரை வீட்டுக்கு உண்ண அழைத்து, மன்னிப்புக் கேட்டோம். அவர் சொதிக்குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டு, "இனி அளந்துவிட்டு அறிக்கை எழுதுங்கள், அண்ணாச்சி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் நம் துணைவியார் அன்று நம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பின்னர் அவர் ஹைதராபாத் சென்றுவிட்டார். அவருடைய அந்தச் சிறு நிரல் நம்மிடம் இருக்கிறது. புதிய பொறி எது வந்தாலும் முதலில் அதைத்தான் ஓட்டுகிறோம்.