எந்தப் பக்கம்?

“60 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து நோக்குங்கால், இரு படகுகளின் இறக்கக்கோணங்கள் முறையே 30°, 45° எனின், படகுகளுக்கு இடைப்பட்ட தொலைவு யாது?”

இரண்டே வரி வினா. கணக்கேடுகளில் இத்தகையன பல உண்டு. வினா எளிது, விடைதான் அரிது என்று மாணவரிடம் கூறுவர். நாம் கூறுவோம்: விடை எளிது, வினாதான் விளங்கவில்லை!

விளக்கத்தின் உச்சியில் நிற்பவன் கண்ணிலிருந்து கிடைமட்டமாக ஒரு கோடு செல்வதாகக் கொள்வோம். அக்கோட்டிலிருந்து பார்வை எவ்வளவு கீழே இறங்குகிறதோ அதுவே இறக்கக்கோணம். விளக்கத்தின் சுவரிலிருந்து அளப்பதன்று. அவ்வாறு அளந்துவிட்டு, 30° படகு 34.64 மீட்டர் தொலைவில் உள்ளது என்று எழுதி இடறுவோர் பலர். உண்மையில் 45° படகு விளக்கத்தின் அடியிலிருந்து 60 மீட்டரிலும், 30° படகு 60 பெருக்கல் வர்க்கமூலம் 3, அதாவது 103.92 மீட்டரிலும் நிற்கின்றன. பார்வை குறைவாக இறங்கினால் பொருள் தொலைவில் என்பது பொருள். இம்மட்டும் ஐயமில்லை.

இனித்தான் இடர். இரு படகுகளும் எங்கே நிற்கின்றன? விளக்கத்தின் ஒரே பக்கத்திலா? அவ்வாறாயின் கழிக்க வேண்டும்: 43.92 மீட்டர். எதிரெதிர்ப் பக்கங்களிலா? அவ்வாறாயின் கூட்ட வேண்டும்: 163.92 மீட்டர். ஒன்று மற்றதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு! வினா விடுத்தவர் வாய் திறக்கவில்லை. ஏட்டின் இறுதிப் பக்கமோ 43.92 என்று ஆணையிடுகிறது.

எம் தெருவில் வாழும் கொத்தனார் ஒருவரின் மகள், அக்குடும்பத்தில் பத்தாம் வகுப்பை எட்டிய முதல் பிள்ளை, 163.92 என்று எழுதினாள். சிவப்பு மை குறுக்கே ஓடியது. ஒரு வினாதானே என்று நாம் எண்ணலாம். அவ்வீட்டில் அங்ஙனம் எண்ணவில்லை. “பெண்ணுக்குக் கணக்கு எதற்கு? தையல் பழகட்டும்” என்று காத்திருந்த உறவினர்க்கு அந்தச் சிவப்புக் கோடு சான்றாயிற்று. பதினோராம் வகுப்பில் கணக்குப் பிரிவில் சேர்வதா, படிப்பையே நிறுத்துவதா என்ற பேச்சு எழுந்துவிட்டது. தாளை ஏந்தித் தந்தையும் மகளும் நம்மிடம் வந்தனர்.

வினாவை உரக்கப் படித்தோம். கொத்தனார் எழுத்தறியாதவர், ஆயினும் கேட்டு முடித்ததும் அவர் வாயினின்று வந்த முதற் சொல் இது: “ஏங்க ஐயா, படகு ரெண்டும் எந்தப் பக்கம் நிக்குதுன்னு போடலியா?”

கேட்டீர்களா தோழர்களே! எந்தப் பக்கம் என்று கேளாமல் ஒரு செங்கல்லும் வைக்காதவர் அவர். பையிலிருந்த மூலைமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். அதன் மூலையில் ஒரு கல்லை விளக்கமாக வைத்து, இரு கைகளின் வழியே இரு ஓட்டுத் துண்டுகளைப் படகுகளாக வைத்தார். “இப்படியும் நிக்கலாமே?” என்றார். நிற்கலாம்தான்! மகள் கணக்கிட்டாள். 60-இன் வர்க்கம் 3600, மற்றதன் வர்க்கம் 10800, கூடினால் 14400, மூலம் 120. வேறு திசைகளில் நின்றால் 43.92-க்கும் 163.92-க்கும் இடைப்பட்ட எத்தொலைவும் விடையாகும் என்று பிறகு அவளே கூறினாள்.

ஏட்டில் உள்ளது எதுவாயினும் அதுவே முடிவு, அதைக் கேள்வி கேட்பது குற்றம் என்ற மனப்பான்மை கோயிலில் மட்டுமா குடிகொண்டிருக்கிறது? கணக்கு வகுப்பிலும் அது காலாட்டி அமர்ந்திருக்கிறது. பகுத்தறியப் பயிற்றும் பாடத்திலேயே பகுத்தறிவுக்குத் தடையெனில் எங்கே முறையிடுவது?

‘சைன்’ என்ற சொல்லின் வரலாற்றைப் பாருங்கள். வில்லின் நாண் எனப் பொருள்படும் ‘ஜ்யா’, ‘ஜீவா’ என்ற வடசொல் அரபு நாட்டார் கையில் ‘ஜிபா’ ஆயிற்று. உயிரெழுத்தின்றி எழுதப்பட்ட அச்சொல்லைப் பின்வந்தோர் ‘ஜைப்’ என்று படித்தனர். அதற்கு ஆடையின் மடிப்பு என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தோர் அம்மடிப்பையே ‘சைனஸ்’ என்றனர். நாண் எங்கே, மடிப்பு எங்கே! நம் பாடநூல் ‘கர்ணம்’ என்பதை ஈழத்துப் பாடநூல்கள் ‘செம்பக்கம்’ என்று தமிழில் கூறுகின்றன. அதனை நாம் வரவேற்கிறோம். எனினும் செந்தமிழில் எழுதப்பட்ட குழப்பமும் குழப்பமே.

முக்கோணத்தை நம்பி நாட்டையே அளந்தவர்கள் இங்ஙனம் மூடி மறைக்கவில்லை. 1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் ஏறத்தாழ 7½ மைல் அடிக்கோடொன்றைத் தரையில் அளந்த பின்னரே கோணங்களின் வழியே தெற்கும் மேற்கும் சென்றார். எங்கிருந்து, எதை நோக்கி என்று குறிக்கப்படாத கோணத்தால் அவருக்கு ஒரு முழமும் கிட்டியிராது.

மகள் மூன்று படங்களை வரைந்து பள்ளிக்குக் கொண்டு சென்றாள். ஆசிரியர் தீயவரல்லர், அவரும் கேள்வி கேளாமல் கற்றவரே. நெடுநேரம் நோக்கியிருந்து, “மூன்றாவது படம் யார் சொல்லித் தந்தது?” என்றாராம்.

“எங்க அப்பாங்க, ஐயா.”

மதிப்பெண் அன்று மாறவில்லை. மறுவாரம் அதே வகை வினாவைக் கரும்பலகையில் எழுதியபோது, “ஒரே பக்கத்தில், ஒரே நேர்க்கோட்டில்” என்னும் நான்கு சொற்களை அவர் சேர்த்து எழுதினார் என்று அவள் வந்து கூறினாள். மேனிலை வகுப்புக்கான விண்ணப்பத்தையும் உடன் கொணர்ந்திருந்தாள். பிரிவு என்ற கட்டத்தில் கணக்கு என்று முன்னரே எழுதப்பட்டிருந்தது. தந்தையின் கைந்நாட்டும் கீழே இருந்தது.