சம்பளத் தேதி முதலில், பரிசு பிறகு

அக்டோபர் 1, 2025, புதன்

தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. கடையை அடைத்துவிட்டுக் கணக்கோடு உட்கார்ந்தேன். இந்த வருஷம் போனசுக்கென்று எடுத்து வைக்க முடிந்தது 4,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஆள் ஒன்பது பேர். ஏர்கோன் பொருத்துவது, கழுவுவது, கேஸ் நிரப்புவது, வீட்டு வயரிங் என்று ஜோகூரில் கோத்தா திங்கி டவுனிலிருந்து பண்டார் பெனாவார் வரைக்கும் இரண்டு வேனில் ஓடுகிறவர்கள்.

சமமாகப் பிரித்தால் தலைக்கு 500. ஆனால் போனசுக்கும் இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதி உண்டு. 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. 4,500 கொடுத்தால் இன்னும் 585 வெள்ளி வேண்டும். தொழிலாளியின் வயதான காலத்துக்குப் போய்ச் சேருகிற பணம் அது, கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனாலும் அதுவும் இதே பெட்டியிலிருந்துதான் வர வேண்டும்.

பெட்டி சுருங்கியதற்குக் காரணம் தெரிந்ததுதான். குறைந்தபட்சச் சம்பளம் இந்த பிப்ரவரி 1 முதல் 1,500இலிருந்து 1,700 ஆனது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களுக்கு பிப்ரவரியில், அதற்குக் குறைந்த கடைகளுக்கு ஆகஸ்டில். பால் மரம் வெட்டிய குடும்பத்துப் பெண் நான். இந்த உயர்வுக்கு எதிராக ஒரு வார்த்தை பேச மாட்டேன். 1,700 வெள்ளியில் இன்றைக்கு ஒரு குடும்பம் ஓட்டுவதே பெரும்பாடு.

அக்டோபர் 4, சனி

கடையின் மூத்த ஆளோடு இன்று பேசினேன். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூர் ஆறு டவுனுக்குள் புகுந்ததே, அந்த வெள்ளம் வடிந்த கையோடு அப்பாவிடம் வேலைக்கு வந்தவர். சேறு புகுந்த மோட்டாரையும் கம்ப்ரசரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, வெயிலில் காயவைத்துப் பாதிக்கு மேல் ஓட வைத்தார் என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். இன்றும் அவுட்டோர் யூனிட்டின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு, கேஸ் குறைச்சலா, ஃபேன் மோட்டார் தேய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். மீட்டர் பிறகுதான் அதையே காட்டும்.

பிப்ரவரியில் கீழே இருந்த மூன்று பையன்களுக்கு 200 வெள்ளி ஏறியது. இவருக்கு ஏறவில்லை. வெளியே யாரும் பேசவில்லை. ஆனால் முன்பெல்லாம் ஏழரைக்கே வந்து வேனில் சாமான் அடுக்கிக்கொண்டிருப்பவர், இப்போது சரியாக எட்டரைக்கு வருகிறார்.

"அண்ணே, மனசுல ஏதும் இருக்கா?" என்று கேட்டேன்.

"காசு வேணாம்னு சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஆனா நேத்து வந்த பையனுக்கும் எனக்கும் இருந்த தூரம் கொறஞ்சு போச்சு. அத நீங்க கவனிச்சீங்களான்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

சம்பளம் எவ்வளவு என்பதைவிட, பக்கத்தில் நிற்பவனோடு ஒப்பிட்டால் தன் உழைப்புக்கு என்ன மதிப்பு என்பதைத்தான் மனிதர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். சட்டம் அடிமட்டத்தை உயர்த்தும்போது, நடுவில் இருப்பவர்களையும் ஒரு படி தூக்கி வைப்பது முதலாளியின் பொறுப்பு. பரிசு கொடுத்து இதை மூடக் கூடாது. ஜனவரி முதல் இவர் வேலை மேற்பார்வையாளர், மாதம் 150 வெள்ளி கூட. அந்தப் பணத்துக்காகக் கழுவும் கட்டணத்தை 10 வெள்ளி உயர்த்தப் போகிறேன். வாடிக்கையாளர்களிடம் காரணத்தையும் சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். அதாவது இன்றைக்குள். எங்கள் கடையில் அப்பா காலத்திலிருந்து மாதத்தின் கடைசி வேலை நாள்தான் சம்பள நாள். அதற்கு நான் கண்டிப்பாக இருக்கிறேன். வீட்டு வாடகை ஒன்றாம் தேதி, மோட்டார் தவணை ஐந்தாம் தேதி. சம்பளம் ஒரு வாரம் தள்ளிப் போனால் அந்த ஒரு வாரத்துக்கு வட்டி கட்டுகிறவன் தொழிலாளிதான்.

இதைக் காப்பாற்றுவது லேசில்லை. ஜூலையில் முடித்துக் கொடுத்த ஒரு வேலைக்குப் பெரிய குத்தகையாளர் ஒருவர் இன்னும் பணம் தரவில்லை. அதனால்தான் ஒரு மாதச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். டயர் மாற்றவும் அதைத் தொடுவதில்லை, சரக்கு எடுக்கவும் தொடுவதில்லை.

தாத்தா காலத்துத் தோட்டத்தில் தீபாவளிக்கு முன் கையில் காசு கொடுப்பார்களாம். பெயர் முன்பணம். பிறகு மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்த வீடு பொங்கல் வரைக்கும் அதைக் கட்டிக்கொண்டிருந்ததாகப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். போனஸ் என்று நான் கொடுப்பது எந்தக் காலத்திலும் திரும்பக் கேட்காத பணமாகத்தான் இருக்க வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

எங்கள் புலனக் குழுவில் ஒரு பையன் பழைய செய்திகளைப் போட்டிருந்தான். 2022இல் சென்னையில் ஐடியாஸ்2ஐடி என்ற மென்பொருள் நிறுவனம் 100 ஊழியர்களுக்குக் கார் கொடுத்தது. 2023 தீபாவளிக்குக் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டக்காரர் ஒருவர் தொழிலாளிகளுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். பார்க்க நிறைவாக இருந்தது. கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்திருக்கிறார்கள். நம் பெட்டியில் இருப்பது 4,500.

இன்னொன்று படித்தேன். 2012இல் வெளியான ஜெர்மன் ஆய்வு. நூலகப் புத்தக விவரங்களைக் கணினியில் ஏற்றும் மூன்று மணி நேர வேலை, மணிக்கு 12 யூரோ. ஒரு சாராருக்கு எதிர்பாராமல் 7 யூரோ கூடுதல் பணம். இன்னொரு சாராருக்கு அதே விலையில் அழகாகச் சுற்றிய ஃபிளாஸ்க். பணம் வாங்கியவர்களின் வேலையில் பெரிய மாற்றமில்லை. ஃபிளாஸ்க் வாங்கியவர்கள் ஏறத்தாழ கால் பங்கு அதிகம் செய்தார்கள். விலையைச் சொல்லிக் கொடுத்தபோதும் அப்படித்தான். பணத்தாளையே சட்டை போல மடித்துக் கொடுத்தபோது பணத்துக்கும் அதே பலன் கிடைத்தது. எனக்காக ஒருவர் நேரம் செலவழித்திருக்கிறார் என்பதுதான் வேலை செய்திருக்கிறது.

ஆனால் மூன்று மணி நேரம் வந்துபோன மாணவர்களும், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் என் ஆட்களும் ஒன்றில்லை. ஃபிளாஸ்க்கை வைத்து வாடகை கொடுக்க முடியாது. பணத்துக்குப் பதிலாகப் பொருள் என்று இந்த ஆய்வைப் படிக்கிறவர்கள் தொழிலாளியை ஏமாற்றுகிறார்கள். பணத்தையும் கொடுத்து, அதற்கு மேல் கொஞ்சம் யோசித்தும் கொடுக்க வேண்டும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

கடையின் பின்னறையில் போன வருஷம் மேசை, நாற்காலி, ஃபேன், கெட்டில் போட்டோம். அதைப் பரிசுக் கணக்கில் நான் எழுதவில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்த வேண்டி வந்தது. கேரளம் 2018லேயே செய்துவிட்டது. அங்கே ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்றது அது. நாற்காலி உரிமை, அதற்கு ரிப்பன் கட்டக் கூடாது.

சிறு கடைக்காரர்கள் தாராளமாகக் கொடுக்கக்கூடியது நேரம் என்று நினைக்கிறேன். மலேசியாவில் 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தப்படி, வேலை நேரம் வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம்தான். அதே திருத்தத்தில், வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் விண்ணப்பத்துக்கு முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றும் வந்தது. எங்கள் கணக்குப் பெண் கேட்டதும் அதுதான். மகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பதரைக்கு வந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார். கடைக்கு ஒரு காசு செலவில்லை. இன்வாய்ஸ் ஒன்றுகூடத் தாமதமானதில்லை.

ஜோகூரில் வார விடுமுறை இந்த ஜனவரியில் வெள்ளி-சனியிலிருந்து சனி-ஞாயிறுக்கு மாறியபோது ஓய்வு நாள் பட்டியலைத் திரும்பப் போட்டோம். யாருக்கு எந்த ஞாயிறு அவசர வேலை என்பதை மூன்று மாதத்துக்கு முன்பே சுவரில் ஒட்டிவிடுகிறோம். ஓய்வு நாளில் வேலை செய்தால் சட்டப்படி உள்ள கூலி தனி. தீபாவளியன்று மலாய்ச் சகோதரர்கள் மூவரும் போன் எடுக்கிறார்கள், ஹரி ராயாவுக்கு நம்மவர்கள் எடுத்தார்கள். "காக் (அக்கா), அன்றைக்கு எனக்கு விட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர்களில் ஒருவர் நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

அக்டோபர் 15, புதன்

படுக்கையிலேயே இருக்கும் ஒரு பாட்டியின் அறை ஏர்கோன் போன வாரம் நின்றுவிட்டது. நம் பையன் இரவு எட்டரைக்குப் போய்க் கெப்பாசிட்டர் மாற்றிக் கொடுத்தான். பாட்டியின் மகள் இன்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தம்பி வந்துட்டுப் போனப்புறம்தான் அம்மா மூணு நாளைக்கப்புறம் தூங்குனாங்க." காலையில் வேன் கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும்படி போட்டேன். அவன் தலையைக் குனிந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். காது சிவந்துவிட்டது.

அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டுப் போன் செய்யும் ஊழியர்களை, அந்தப் பணத்தால் படிக்கும் மாணவர் ஒருவரோடு சில நிமிடம் பேச வைத்தார் உளவியலாளர் ஆடம் கிராண்ட். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் திரட்டிய தொகை இரண்டரை மடங்கைத் தாண்டியிருந்தது. அந்த ஆய்வு 2007இல் வந்தது. நம் வேலையால் ஒருவர் தூங்கினார் என்று காதால் கேட்பதற்கு ஈடாக நான் என்ன வாங்கிக் கொடுத்துவிட முடியும்?

அக்டோபர் 17, வெள்ளி

பிரித்தாகிவிட்டது. ஒன்பது பேருக்கும் தலைக்கு 300, ஆக 2,700. இபிஎஃப் 351. பெருநாளுக்குப் பெருநாள் இனம் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. நான் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே தொகைதான் கொடுக்கிறேன். யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு எழாது.

மீதி 1,449. அதில் 900, பாட்டியைத் தூங்க வைத்தானே, அந்தப் பையனின் வயர்மேன் வகுப்புக்கு முதல் தவணை. எரிசக்தி ஆணையத்தின் சான்று கிடைத்தால் அவன் பெங்கெராங் எண்ணெய் ஆலைகளில் ஷட்டவுன் வேலைக்கு இன்னும் நல்ல கூலிக்குப் போகலாம். சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கிடைக்கும்போது, விடியும் முன் மோட்டாரில் சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டுகிற பையன்களில் ஒருவனாகவும் ஆகலாம். படிக்க வைத்தால் போய்விடுவான் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். போகட்டும். அதற்காக அவனைச் சான்றில்லாமல் வைத்திருக்க எனக்கு மனம் வராது. இருக்கிற வரைக்கும் சான்று பெற்றவனின் வேலை என் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும்.

அடுத்த வருஷம் மனிதவள மேம்பாட்டு நிறுவனமான எச்ஆர்டி கோர்ப்பில் சேரப் போகிறேன். பத்து மலேசிய ஊழியர்களிலிருந்துதான் லெவி கட்டாயம். ஐந்து முதல் ஒன்பது பேர் வரை உள்ளவர்கள் விரும்பினால் சம்பளத்தில் 0.5 விழுக்காடு கட்டிச் சேரலாம். பயிற்சிச் செலவை அதிலிருந்து கோரலாம். நம்மவர் கடைகளில் இது தெரியாதவர்கள் அதிகம்.

கடைசி 549 வெள்ளியில் ஆளுக்கு ஒரு பொருள். ஜோகூர் ஆற்றில் ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்) பிடிக்கப் போகிறவருக்கு நல்ல தூண்டில் உருளை. மழையில் மோட்டாரில் வருகிறவருக்குக் கிழியாத மழைக்கோட்டு. மூத்தவருக்கு மூன்றடுக்குத் தூக்கு, பழையதில் மூடி நிற்பதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடிதம், இந்த வருஷம் அவர் செய்த குறிப்பிட்ட ஒரு வேலையைப் பெயர் சொல்லி. ஒன்பது கடிதம் எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

அக்டோபர் 31, வெள்ளி

காலை பத்து மணிக்குள் ஒன்பது பேர் கணக்கிலும் சம்பளம் ஏறிவிட்டது. குத்தகையாளரின் பணம் இன்னும் வரவில்லை.

மாலையில் பக்கத்து வரிசையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தம்பி வந்து, அடுத்த தீபாவளிக்குத் தன் ஆட்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டார். அவரிடம் நான் சொன்னதையே இதே நிலையில் கடை நடத்தும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே ஒரு சம்பளத் தேதியைச் சொல்லி, ஒரு மாதத் தொகையைத் தனியே எடுத்து வைக்கத் தொடங்குங்கள். பிறகு உங்கள் மூத்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மனசில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.