வெயில் ஏறினால் நடப்பாள்

விழுப்புரம் என்று சொன்னால் இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1978 ஜூலை. 12 தலித்துகள் கொல்லப்பட்ட மாதம். அதைப் பற்றி எழுதியிருக்கிறோம், இன்னும் எழுத வேண்டும். ஆனால் நம் எழுத்தில் நம் உடம்பு பெரும்பாலும் அடிபட்ட உடம்பாக, வெட்டுப்பட்ட உடம்பாகத்தான் வருகிறது. நோய்ப்பட்ட உடம்பு அதிகம் வருவதில்லை. அதிலும் குழந்தையின் உடம்பு வருவது ரொம்பக் குறைவு. நான் எழுதப்போவது என் மகளின் இடது முட்டியைப் பற்றி. இதையெல்லாம் இங்கே எழுதணுமா என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

நாங்கள் இருப்பது திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் ஒரு காலனி. நான் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. படித்தவள். ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். வீட்டுக்காரருக்குக் கொத்து வேலை. மகளுக்கு இப்போது ஏழு வயது. மூன்று வயது முடிகிற சமயத்தில் இது ஆரம்பித்தது.

காலையில் பாயை விட்டு எழமாட்டாள். 'தூக்கும்மா' என்று கையை நீட்டுவாள். வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்பாள். இடது முட்டி மட்டும் பந்து மாதிரி உருண்டிருந்தது. தொட்டால் லேசாகச் சூடு, சிவப்பு இல்லை. இறக்கிவிட்டால் அந்தக் காலை இழுத்து இழுத்து வைப்பாள். வெயில் ஏற ஏறக் கால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். சாயந்திரம் பார்த்தால் தெருப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருப்பாள். 'இன்னாடி இது, காலைல நொண்டுன, இப்போ குதிக்கிற' என்று தெருவே சிரிக்கும். 'ஏம்மா, உம் பொண்ணு நல்லா நடிக்கிறா, சினிமாவுல சேத்துடு' என்று ஒருத்தி சொன்னாள்.

நடிக்கிறாள் என்கிற இந்த ஒரு வார்த்தையைத்தான் நாலு வருஷமாக விதவிதமான வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் காட்டிய டாக்டர், எங்கேயோ விழுந்திருப்பாள் என்று சொல்லி மருந்து கொடுத்தார். நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார். கட்டை அவிழ்த்தபோது முட்டி முன்பைவிட விறைத்துப்போயிருந்தது. அசைக்காமல் வைத்தால் இந்த மூட்டு இன்னும் இறுகும் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்னொரு டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு ருமாட்டிக் காய்ச்சல் என்றார். 21 நாளுக்கு ஒரு தரம் பென்சிலின் ஊசி. நாலு மாதம் அந்த ஊசிக்கு அவள் அழுத அழுகை எங்களுக்குத்தான் தெரியும். ருமாட்டிக் காய்ச்சலில் வீக்கம் ஒரு மூட்டை விட்டு இன்னொரு மூட்டுக்குத் தாவும், சில வாரங்களில் அடங்கும். இவளுக்கோ மாதக்கணக்கில் அதே முட்டி.

கடைசியாக முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இட்டுக்கொண்டு போனோம். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர், முட்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: 'பாப்பா காலையில எழுந்ததும் எப்படி நடக்கிறா, மதியம் எப்படி நடக்கிறா?' அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். புதுச்சேரி ஜிப்மருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கேதான் நோய்க்குப் பெயர் தெரிந்தது. ஜுவெனைல் இடியோபாதிக் ஆர்த்ரைட்டிஸ்.

வயசானவர்களுக்கு வருகிற மூட்டுத் தேய்மானம் இல்லை இது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த மூட்டின் உள்சவ்வையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தண்ணீர் கோர்த்துக்கொள்கிறது. 16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் அகப்படாவிட்டால் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்கிற டாக்டர் 22 குழந்தைகளைப் பார்த்து, இது பெரியவர்களுக்கு வருகிற வாதம் மாதிரி இல்லை என்று 1897-லேயே எழுதிவிட்டார். அப்புறமும் குழந்தைக்கு வாதம் வருமா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை.

இடியோபாதிக் என்றால் காரணம் தெரியாது என்று அர்த்தமாம். இந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் என்னைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. செய்வினை என்றார்கள். வயிற்றில் இருக்கும்போது நான் வேலைக்குப் போனதுதான் என்றார்கள். முன்ஜென்மத்துப் பாவம் என்று ஊர்க்காரம்மா ஒருத்தி இரக்கத்தோடு சொன்னாள். நாம் காலனியில் பிறந்ததற்கும் முன்ஜென்மம்தான் காரணம், பிள்ளைக்கு முட்டி வீங்கினாலும் அதேதான் காரணம். ஒரு கிளினிக்கில் ஊசி போடுகிறவர் கேட்டார்: 'நீங்கள்லாம் மாட்டுக்கறி சாப்பிடுறவங்கதானே? அதான் வாதம்.' மாட்டுக்கறியால் இந்த நோய் வருவதில்லை. சொல்லப்போனால் இந்த நோயில் குழந்தைகளுக்கு ரத்தச் சோகை வருகிறது, வளர்ச்சி குறைகிறது. புரதமும் இரும்புச் சத்தும் வேண்டும். எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் அது இருப்பது அந்தக் கறியில்தான். என் மகள் இன்றைக்கும் சாப்பிடுகிறாள்.

முதலில் முட்டியில் கோர்த்த தண்ணீரை எடுத்துவிட்டு உள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஏழு மாதம் நன்றாக இருந்தாள். பிறகு அதே முட்டியும் வலது மணிக்கட்டும் சேர்ந்து வீங்கின. மெத்தோட்ரெக்சேட் ஆரம்பித்தார்கள். சின்ன மஞ்சள் மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். வேறொரு நாளில் போலிக் ஆசிட். ஒழுங்காக ரத்தம் எடுத்து ஈரலையும் ரத்த அணுக்களையும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி கொடுப்போம், ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குமட்டல். இப்போது மஞ்சள் நிறத்தில் எதைப் பார்த்தாலும் அவளுக்கு வாந்தி வருகிறது. மஞ்சள் பாவாடையைக்கூட எடுத்து ஒளித்து வைத்தேன்.

ஒரு தரம் மருந்துக்கடையில் அந்த மாத்திரையைக் கவரில் போட்டு 'தினம் 1' என்று எழுதிக் கொடுத்தார்கள். வாரம் ஒரு நாள் சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. சீட்டைப் படிக்கத் தெரிந்ததால் திருப்பிக் கேட்டேன். கடைக்காரர் 'ஓ, வீக்லியா' என்று சொல்லி அடித்து எழுதினார், அவ்வளவுதான். எங்கள் தெருவில் சீட்டுப் படிக்கத் தெரியாத தாய்மார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்தேன்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவளுக்கு இருக்கிற வகையில், கண்ணுக்குள்ளே அழற்சி வரலாம். சிவக்காது, உறுத்தாது, வலிக்காது. குழந்தைக்கே தெரியாது. சத்தமில்லாமல் பார்வை போய்விடும். அதனால் 3 மாதத்துக்கு ஒரு தரம் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்க்கிறார்கள். நான் மடியில் வைத்துக்கொள்ள, மோவாயை அந்தத் தாங்கியில் வைத்து மூச்சை அடக்கி உட்காருவாள். 'கண்ணு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வேலையைக் கெடுத்துகினு அலையுறீங்க' என்பார்கள் உறவுக்காரர்கள். புதுச்சேரி போக 40 கிலோமீட்டர், வர 40 கிலோமீட்டர், ஒரு நாள் சம்பளம் போச்சு. உண்மைதான். வலிக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார்கள், வலிக்காத நோயைக் காட்டப் போனாலும் சிரிப்பார்கள்.

இந்த நோயில் விடியற்காலம்தான் கொடுமை. ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த மூட்டு காலையில் பூட்டிக்கொள்கிறது. எங்கள் மாமியாரை மகள் ஆயா என்று கூப்பிடுவாள். ஆயாதான் தினமும் வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்து, காலை மெதுவாக மடக்கி நீட்டிப் பழக்குகிறவர். ஆயாவுக்கும் முட்டி போய்விட்டது. நடவுக்குக் குனிந்தும் சூளையில் கல் சுமந்தும் தேய்ந்த முட்டி. ஒருநாள் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னார்: 'எங்க காலத்துல கருக்கல்லயே கழனியில நிக்கணும். கால் வலிக்குதுன்னு சொன்னா, பறச்சிக்கு இன்னாடி வலின்னு கேப்பாங்க. அப்புறம் சொல்றதையே வுட்டுட்டோம்.'

ஆயா சொன்னதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். நம் உடம்பு வேலைக்கான உடம்பு. வலியைச் சொன்னால் சோம்பேறி, கள்ளி, நடிக்கிறவள். அப்படிச் சொல்லிச் சொல்லியே நம்மை வலி சொல்லாதவர்களாக ஆக்கிவிட்டார்கள். அப்புறம் நாமே நம் பிள்ளைகளிடம் அதே வார்த்தையைச் சொல்கிறோம். என் மகளை நடிக்கிறாள் என்று முதலில் சொன்னது ஊர்க்காரர்கள் இல்லை, எங்கள் தெருதான்.

விடியற்காலத்தைக் கணக்கில் வைக்காததால் கிடைக்க வேண்டியதும் கிடைக்காமல் போகிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. நம் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது வகுப்புக்கு முன்னால் போடுகிற சாப்பாடு. அந்த நேரத்தில் என் மகள் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருப்பாள். அவள் போய்ச் சேரும்போது பாத்திரம் கழுவியிருக்கும். வீக்கத்துக்கான நாப்ராக்சன் மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்பதால் நான் வீட்டிலேயே ஏதாவது ஊட்டி அனுப்புகிறேன். முதல் வருஷ டீச்சர் தாமதத்துக்காகத் தினமும் அவளை வாசலில் நிற்க வைத்தார். நிற்பதுதான் அவளால் முடியாதது. இப்போதிருக்கிற டீச்சர் டாக்டர் கடிதத்தைப் படித்தார். பிள்ளைகளிடம் விளக்கிச் சொன்னார். மணிக்கட்டு வலிக்கிற நாளில் எழுதச் சொல்லாமல் வாயால் சொல்லச் சொல்கிறார். அந்தக் கடிதம் முதல் வருஷமும் அதே பையில்தான் இருந்தது.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் போனோம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. மூட்டு அழற்சி என்று தனிப்பெயர் அதில் இல்லை, இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில்தான் பார்க்கிறார்கள். முக்கியமான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். முகாமில் எங்கள் முறை வரும்போது மதியம் பன்னிரண்டு தாண்டிவிட்டது. 'நடந்து காட்டு பாப்பா.' நடந்தாள். நாலு மணி நேரம் முன்னால் அவளைப் பஸ்ஸில் தூக்கி ஏற்றியது நான். 'நல்லாத்தானே நடக்குறா, எதுக்கும்மா கூட்டிகினு வந்த?' என்றார் சதவீதம் போடுகிறவர். 40 வரவில்லை. சட்டம் கேட்பது எத்தனை சதவீதம் என்று, எத்தனை மணிக்கு என்று கேட்பதில்லை. காலையில் 80, மதியம் 20 என்று இருக்கிற உடம்பை அந்தப் படிவத்தில் எங்கே எழுதுவது?

மெத்தோட்ரெக்சேட் இப்போதைக்குக் கேட்கிறது. கேட்காமல் போனால் அடாலிமுமாப் மாதிரி ஊசிகள் இருக்கின்றன. விலை அதிகம். அதைப் போடுவதற்கு முன்னால் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், ஏனென்றால் உள்ளே அடங்கிக் கிடக்கிற காசநோயை அந்த மருந்து எழுப்பிவிடும். எங்கள் வரிசையில் இரண்டு வீட்டில் காசநோய் மருந்து சாப்பிடுகிறார்கள். ஜன்னல் இல்லாத தொகுப்பு வீடுகள். மருந்து புதுச்சேரியில் கிடைக்கலாம், அதைச் சாப்பிட்டுக்கொண்டு அவள் தூங்கப்போவது இந்த வீட்டில்தான்.

இந்த நோய் உள்ள பிள்ளைகளில் பலர் சரியான நேரத்தில் மருந்து கிடைத்தால் நன்றாக ஆகிறார்கள், மருந்தை நிறுத்துகிற நிலைக்குக்கூடப் போகிறார்கள். விட்டுவிட்டால் மூட்டு மடங்கியபடி நின்றுவிடும். வீங்கிய முட்டிக்கு ரத்த ஓட்டம் அதிகமாகி அந்தக் கால் மற்றதைவிட நீளமாக வளரும். என் மகளுக்கு இடது கால் ஒரு சென்டிமீட்டர் நீளம். கண்டுபிடிக்க ஆன அந்த ஒன்றரை வருஷம்தான் அந்த ஒரு சென்டிமீட்டர் என்று நினைக்கிறேன்.

நம் இயக்கங்கள் கலெக்டர் அலுவலகத்துக்குக் கொண்டு போகிற மனுவில் நிலம் இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை இருக்கிறது, விடுதி இருக்கிறது. இதையும் சேருங்கள். விழுப்புரத்திலேயே இந்தக் குழந்தைகளுக்கு மாதம் ஒரு நாளாவது தனிப்பிரிவு நடக்க வேண்டும். சதவீதம் போடும்போது காலை விறைப்பு எத்தனை மணி நேரம் என்று டாக்டர் எழுதியதை எடுத்துக்கொள்ள வேண்டும். தாமதமாக வருகிற பிள்ளைக்கு ஒரு தட்டு சாப்பாடு எடுத்து வைக்க வேண்டும்.

அதுவரை தெருவில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. காலையில் நொண்டி மாலையில் ஓடுகிற குழந்தை உங்கள் தெருவில் இருந்தால் சிரிக்காதீர்கள். விடிந்ததும் போய் அது பாயை விட்டு எழுந்து நடப்பதைச் செல்போனில் படம் பிடியுங்கள். அந்தப் படத்தோடு தாயையும் பிள்ளையையும் டாக்டரிடம் அனுப்புங்கள். 6 வாரத்துக்கு மேல் ஒரு முட்டி வீங்கியிருந்தால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது. அந்தப் பிள்ளை நடிக்கவில்லை.