மச்சமா, சைவமா?

உணவுக்குப் பெயர் சூட்டுவது எளிதான காரியம் என்றே பலரும் எண்ணுவர். ஆட்டின் ஊனை ஆட்டிறைச்சி என்கிறோம். தயிரைக் கடைந்தெடுத்ததை வெண்ணெய் என்கிறோம். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பொருளின் பிறப்பு விளங்கிவிடுகிறது. ஆனால், பிராணியை அறுக்காமலே அதன் இறைச்சி கடைக்கு வருமாயின், அதற்கு என்ன பெயர் இடுவது?

இது வெறுங் கற்பனைக் கேள்வியன்று. 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், நெதர்லாந்து நாட்டு மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக விஞ்ஞானி மார்க் போஸ்ட், மாட்டின் தசைக் கலங்களை ஆய்வுகூடத்திற் பெருக்கி ஆக்கிய இறைச்சி வட்டு ஒன்றை, இலண்டன் மாநகரிற் சமைப்பித்துச் சுவைக்கத் தந்தார். அந்த ஒன்றிற்கு ஆன செலவு ஏறத்தாழ 250,000 யூரோ! பிராணியிடமிருந்து சிறிதளவு கலங்களை எடுத்து, சர்க்கரை, அமினோ அமிலங்கள், உப்புக்கள் முதலிய போசணைகள் கலந்த திரவத்தில் இளஞ்சூட்டில் வைத்தால், அவை ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகுகின்றன. இவ்வாறு வளர்த்த கோழியிறைச்சியை விற்பதற்கு 2020 டிசம்பரில் சிங்கப்பூர் அனுமதி வழங்கியது. உலகில் முதன்முதலாக அவ்வனுமதியை அளித்த நாடு அதுவே.

என் தமையனாரின் மகள் அந்நாட்டில் வாழ்கிறாள். 2024ஆம் ஆண்டில் அங்குள்ள இறைச்சிக்கடை ஒன்றில் இப்பொருள் பொதி செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. கோழிக்கலம் நூற்றுக்கு மூன்று வீதம். மிகுதியிற் பெரும்பகுதி தாவரப் புரதம். அவள் தொலைபேசியில் என்னைக் கேட்டாள்: “சித்தப்பா, கோழியைக் கொல்லவில்லையாம், அதுவும் மூன்று வீதந்தான். மாமிக்குச் சமைத்துக் கொடுக்கலாமா? இது மச்சமா, சைவமா?”

“மாமியிடமே கேள், பிள்ளை. ஆனால், அந்த மூன்று வீதத்தையும் மறையாமற் சொல்லிக் கேள்” என்றேன்.

வாழ்நாளில் மச்சந் தொடாத அவ்வம்மையார், “கொன்றாலென்ன, கொல்லாவிட்டாலென்ன, கோழி கோழிதான்” என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டாராம். உயிர்க்கொலைக்கு அஞ்சி இறைச்சியை விட்டிருந்த அவர் மகனோ, “கொலை இல்லையென்றால் எனக்குத் தடையில்லை” என்று வாங்கி உண்டாராம். ஒரே வீடு, ஒரே பொதி, இரண்டு முடிவுகள். இருவருள் யார் சரி என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. உண்மை தெரிந்திருந்தமையால் இருவரும் தத்தம் மனச்சாட்சியின்படி நடந்தனர் என்பதே எனக்குப் பெரிதாகப்பட்டது. பொதியின் மேல் ‘தாவரப் புரதம்’ என்று மாத்திரம் அச்சிட்டிருந்தால், அந்த அம்மையாரின் நோன்பு அவர் அறியாமலே குலைந்திருக்கும் அன்றோ?

மனச்சாட்சி மட்டுமன்று, உடல்நலமும் இதில் அடங்கியுள்ளது. மீனோ இறாலோ ஒவ்வாதவர்க்கு, கலனில் வளர்ந்த மீனும் இறாலும் ஒவ்வாமற் போகலாம். சமயநெறியும் உண்டு. 2024 பெப்ரவரியில் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், ஹலாலான பிராணியின் கலத்திலிருந்து, ஹலாலான பொருள்களைக் கொண்டே வளர்த்தது எனின் முஸ்லிம்கள் உண்ணலாம் என்று கூறியது. எந்தப் பிராணி என்பது பெயர்ச்சீட்டில் இல்லையேல் அந்நெறியை எவ்வாறு கைக்கொள்வது?

ஆகவே நாடுகள் சட்டம் வகுக்கத் தொடங்கின. பொதி செய்த இத்தகைய உணவில் அதன் தன்மையை உணர்த்தும் அடைமொழி இருத்தல் வேண்டும் என்றது சிங்கப்பூர். ஐக்கிய அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு ‘கலவளர்ப்புக் கோழி’ என்னும் பொருள்படும் பெயருக்கு அரசு இசைந்தது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2025இல் அதுபோன்ற பெயரையே கட்டாயமாக்கின.

எனினும், பெயரிடும் உரிமையைப் போட்டியாளர் கையில் விட்டுவிடலாகாது. இதற்குச் சரித்திரம் சான்று பகரும். 1869இல் பிரான்சிலே வெண்ணெய்க்கு மாற்றாக மாஜரின் பிறந்தது. அமெரிக்க வியாபாரிகள் சிலர் அதற்கு மஞ்சள் நிறமூட்டி வெண்ணெய் என்றே விற்றனர், அது வஞ்சகம். நியூ ஹாம்ஷயர் மாநிலமோ, மாஜரினுக்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றியே விற்கவேண்டும் எனச் சட்டம் இயற்றியது. இளஞ்சிவப்பு வெண்ணெயைப் பாணிற் பூசிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? 1898இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. முன்னது மறைப்பதற்கு இட்ட நிறம். பின்னது வெறுக்கச் செய்வதற்கு இட்ட நிறம். இரண்டினாலும் நட்டமடைந்தவர் உண்பவரே.

இன்றும் ஒரு சாரார் ‘தூய இறைச்சி’ என்று புகழ்கின்றனர். மறுசாரார் ‘போலி இறைச்சி’ என்று பழிக்கின்றனர். புகழும் வேண்டாம், பழியும் வேண்டாம். எந்தப் பிராணியின் கலம், எவ்வாறு வளர்த்தது, நூற்றுக்கு எத்தனை வீதம் என்னும் மூன்றையும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், அவரவர் மொழியில் அச்சிட்டாற் போதும். சட்டியில் இடுவதா, தள்ளிவைப்பதா என்பதை அடுப்படியில் நிற்பவர்கள் தாமே தீர்மானித்துக் கொள்வார்கள்.