மாஸ்டர் திரும்பிய கடை

மதுரையில் நள்ளிரவு பசித்தால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கொத்துப் பரோட்டாச் சத்தம் வரும் திசையில் நடந்தால் போதும். அந்தச் சத்தம் 2020 மார்ச் கடைசியில் நின்றது. பிறகு பார்சல் மட்டும், அப்புறம் பாதி இருக்கை, 2021 மே மாதம் மறுபடி முழு ஊரடங்கு, 2022 ஜனவரியில் பத்து மணிக்கு மேல் இரவு ஊரடங்கு என்று விட்டுவிட்டுத்தான் கேட்டது. தூங்கா நகரத்துக்காரர்கள் எட்டரைக்கே சாப்பிட்டுப் படுக்கப் பழகிவிட்டார்கள்.

2022 மே முதல் வாரம், கத்திரி தொடங்கிய சமயத்தில், சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக் கடையில் இரண்டு நாள் சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். இரண்டு ஆண்டுகளாக வைகையில் இறங்காத அழகர் ஏப்ரல் 16 அன்று இறங்கியிருந்தார். முந்தின இரவிலிருந்தே ஊரெல்லாம் தலைகள். “கூட்டம் வந்துச்சு சார். போட்டுக் குடுக்கத்தான் கையில்ல” என்றார் முதலாளி. பழைய மாஸ்டர் ஊரோடு போனவர் திரும்பவில்லை. தினக்கூலிக்குப் பிடித்து வந்தவர் போட்ட பரோட்டா ரப்பர் மாதிரி இழுத்தது. வந்தவர்கள் பேசாமல் தின்று, பேசாமல் காசு கொடுத்துவிட்டுப் போனார்கள். சண்டை போட்டிருந்தால்கூட மறுபடி வருவார்கள் என்று நம்பியிருக்கலாம் என்றார். திருவிழா முடிந்ததும் உசிலம்பட்டிப் பக்கம் பஸ் ஏறிப் போய்ப் பழைய மாஸ்டரைக் கூட்டிவந்திருக்கிறார்.

மாஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். பகல் இரண்டு மணிக்கே மாவில் கை வைத்துவிடுகிறார். மைதா, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தண்ணீர். பிசைந்து ஈரத்துணி போட்டு ஊற வைக்கிறார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைப் பிதுக்கிக் கிள்ள, உருண்டைகள் ஒரே அளவில் தட்டில் விழுகின்றன. எண்ணெயில் மறுபடி ஊறல். பிறகு வீச்சு. மேடையில் நாலு அடி, அடுத்த பக்கம் தெரிகிற மெல்லிசு. அதைக் கொசுவிச் சுருட்டி வைத்து, கடைசியில் உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போடுகிறார். வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரு பக்கமும் அறைகிறார். அந்த அறையில்தான் அடுக்கு பிரிகிறது.

“இந்த வெயிலுக்கு மாவு சீக்கிரம் தளந்துருதுண்ணே. மழைக்காலத்து ஊறல் இப்ப ஆகாது.” கடிகாரம் பார்க்கவில்லை. துணிக்கு மேலேயே விரலால் அழுத்திப் பார்த்தார்.

பார்சல் காலத்தைப் பற்றிக் கேட்டேன். சூட்டோடு மடித்தால் ஆவி உள்ளேயே நின்று அடுக்கெல்லாம் ஒட்டிப்போகும். வீட்டில் பிரிக்கும்போது அது பரோட்டாவே இல்லை என்றார். இப்போதும் பார்சலுக்கென்று அறைந்ததைத் தட்டில் சற்று ஆறவிட்டுத்தான் இலையில் வைக்கிறார். டெலிவரிப் பையன்கள் வாசலில் நின்று முனகுகிறார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஓட்டல் முதலாளிகளிடம் அப்போது ஒரே பாட்டு கேட்டது: ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் சோம்பேறி ஆகிவிட்டார்கள், நூறு நாள் வேலை கெடுத்துவிட்டது. எனக்கும் கொஞ்ச நாள் அது சரியென்றே பட்டது. மாஸ்டர் தன் கணக்கைச் சொன்னார். முதல் ஊரடங்கில் முதலாளியிடமிருந்து ஒரு சிப்பம் அரிசியும் கொஞ்சம் பணமும் வந்தன. அதன்பின் முதலாளி போன் எடுக்கவில்லை. 2021இல் ரேஷன் அட்டைக்கு இரண்டு தவணையாக வந்த 4,000 ரூபாய், மனைவியின் நூறு நாள் சம்பளம், மாஸ்டர் மூட்டை தூக்கியது, இவற்றில் வீடு ஓடியது. “வாடிக்கையாளர் போயிட்டாங்கன்னு முதலாளி அழுவுறாரு. மொதல்ல போனது நான்தான, அத யாரு கணக்குல வைக்கிறது?”

முதலாளி அருகில்தான் நின்றார். மறுக்கவில்லை. அவரையும் முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூட்டிய கடைக்கும் வாடகை கட்டியவர். அந்த மாதம் சென்னையில் 19 கிலோ வணிக சிலிண்டர் 2,500 ரூபாயைத் தாண்டியிருந்தது. எண்ணெய் விலையும் ஏறிக்கிடந்தது. பதினாலு பேர் இருந்த கடையில் அப்போது எட்டுப் பேர். சப்ளை பார்க்கும் அசாம் பையனுக்குத் தெரிந்த தமிழில் பாதி ‘சால்னா’, ‘இன்னும் ரெண்டா’ என்பதுதான். அதை வைத்தே பத்து மேசையைச் சமாளிக்கிறான். மாஸ்டர் ஓய்வாக இருக்கும்போது உருண்டை பிடிக்கவும் பழகுகிறான்.

இரண்டாம் நாள் இரவு பத்தரைக்கு ஒரு பெரியவர் பேரனோடு வந்தார். உட்காரவில்லை. கல்லுக்கு எதிரே போய் நின்றார். “வந்துட்டியாப்பா?” என்றார். “வந்துட்டேங்கய்யா, ஒக்காருங்க” என்று மாஸ்டர் மாவை வீசினார். முதலாளி கண்ணாடியில் ஒட்டிய பத்து சதவீதத் தள்ளுபடி நோட்டீசைப் பெரியவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வர மாஸ்டர் இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். சம்பளம் அன்றன்றைக்குக் கையில் வர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டும். முப்பது வருஷத்தில் அவர் கேட்ட முதல் வார லீவு அது. ஆகவே அந்தப் பக்கம் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு இட்லி, தோசை மட்டும்தான்.