பம்மலில் எடுத்த படம்... பம்மலையே காணோம்!

பம்மலில் ஒரு வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து, மொத்தக் குடும்பமும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. மூத்த மகன் உதவி இயக்குநராக வேலை பார்த்த முதல் படம் ஓடிடியில் வந்திருந்தது. தியேட்டரில் அது மூன்று நாள்கூட நிற்கவில்லை. சம்பளம் வராத மாதங்களில் அம்மாவின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயிருந்தன. அதனால் படம் நன்றாக இருந்தே ஆக வேண்டும்!

ஆனால், இல்லை.

கதை நடப்பது பம்மலில். அப்பா தோல் தொழிற்சாலைத் தொழிலாளி. வாடகை கட்ட முடியாத குடும்பம். படமோ மெரினாவையும் சென்ட்ரலையும் ட்ரோனில் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. வாடகை பாக்கி வைத்திருக்கும் வீட்டில் புது பெயின்ட் மின்னுகிறது. கதாநாயகி காட்சிக்கொரு சேலையில் வருகிறாள். ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் ஒரு கறைகூட இல்லை. 'நாம ரொம்பக் கஷ்டப்படுறோம்' என்று அவரே வசனம் பேச, நம்பாதவர்களுக்காகப் பின்னணியில் வயலின் அழுகிறது. வாய் ஒன்று பேசுகிறது, டப்பிங் குரல் வேறொன்று பேசுகிறது. இடைவேளைக்குப் பிறகு வாடகைப் பிரச்னையை மறந்துவிட்டு, எங்கிருந்தோ அடியாட்கள் வருகிறார்கள்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. நாகல்கேணியில் பல வருடங்கள் தோல் பதனிட்ட அப்பாதான் கடைசியில் கேட்டார். "ஏன்டா, படம் முழுக்க ஒரு பிளைட் சத்தம்கூடக் கேக்கலையே?"

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊர். பேச்சின் நடுவே விமானம் வந்தால் நிறுத்தி, போன பிறகு தொடர்வது அந்த வீட்டின் பழக்கம்.

"பட்ஜெட் இல்லப்பா" என்றான் மகன்.

பட்ஜெட்தான் காரணமா? 2012-ல் பாலாஜி சக்திவேல் 'வழக்கு எண் 18/9' படத்தை போட்டோ எடுக்கும் டிஜிட்டல் கேமராவில் எடுத்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 1988-ல் வந்த பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. வேலைக்குப் போகும் பெண் சின்னதாக ஒரு வீடு கட்டப் படும் பாடுதான் கதை. சென்னையில் வீடு கட்டிய யாருக்கும் அது தன் கதையாகவே தெரியும். அதுவும் தேசிய விருது வாங்கியது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தமிழ் நாடகத் தந்தை எனப்படும் சம்பந்த முதலியாரின் பெயருக்கு முன்னால் இருப்பது இதே பம்மல்தான். 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் அவர். நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத படித்தவர்களை மேடையேற்றினார். ஒத்திகை விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார். ஒத்திகைக்குத் தேவை பணமல்ல, நேரமும் பொறுமையும்தான். ஊரைக் கூர்ந்து பார்ப்பதற்கும் அப்படித்தான்.

அன்று இரவு மகன் சரியாகச் சாப்பிடவில்லை. "வளையல் போனா வாங்கிக்கலாம்டா" என்றாள் அம்மா.

மறுநாள் காலை, ஒரு நோட்டுடன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் முதல்ல என்னப்பா பண்ணுவீங்க?"

"கையை மோந்து பாப்பேன். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. அந்தக் கையோட உன்னைத் தூக்க யோசிப்பேன்."

மேலே ஒரு விமானம் போனது. இருவரும் காத்திருந்தார்கள். சத்தம் அடங்கியதும் அவன் எழுத ஆரம்பித்தான்.